மலையின் வலது கை

நெருப்பைத் தேடிப் பறப்பதற்கு ஒருவனுக்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்று கலிபோர்னியாவுக்கு வரும் வரை எனக்குத் தெரியாது.

எண்பதுகளின் நடுவில் சில வருஷம் நான் அந்த வேலையைப் பார்த்தேன். மே மாதம் புல் காயத் தொடங்கும்போது வேலை ஆரம்பிக்கும். முதல் மழை விழுந்ததும் முடிந்துவிடும். நடுவில் உள்ள மாதங்களில் தினமும் மத்தியானம் ஒரு சின்ன விமானத்தை எடுத்துக்கொண்டு சான்ஹோசேக்குக் கிழக்கே நீளும் மலைகளின் மேல் போக வேண்டும். எங்கேயாவது புகை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் ரேடியோவில் இடத்தைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. நீங்கள் இரண்டு பேரும் அப்போது சின்னப் பெண்கள். மூத்தவளுக்கு ஆறு வயது, இளையவளுக்கு நாலு. அப்பா வானத்தில் என்ன செய்தார் என்று நீங்கள் இப்போது கேட்பதால் எழுதுகிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மா சான்டா கிளாராவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குக் கிடைத்த விசாவில்தான் நானும் வந்தேன். ஊரில் விமானப் படையில் இன்ஜின் ஃபிட்டராக இருந்தவன் என்பதால், இங்கே ஒரு சின்ன விமானத் தளத்தில் இன்ஜின் ரிப்பேர் வேலை கிடைத்தது. பதினைந்து வருஷம் இன்ஜினைக் கழற்றி மாட்டியவனுக்கு அதை ஓட்டிப் பார்க்க ஆசை வராதா? வேலை நேரம் முடிந்த பிறகு இலவசமாக ரிப்பேர் பார்த்துக் கொடுத்தேன். அதற்குப் பதிலாக அவர்கள் எனக்குப் பறக்கக் கற்றுக் கொடுத்தார்கள். சம்பளத்துக்குப் பறக்கும் லைசென்ஸ் வாங்க நாலு வருஷம் ஆயிற்று. அந்த லைசென்ஸை வைத்து எனக்கு முதலில் கிடைத்தது இந்த நெருப்புத் தேடும் வேலைதான்.

ஞாயிற்றுக்கிழமை மில்பிடாஸில் ஒரு வீட்டில் தமிழ் ஜெபக்கூட்டம் நடக்கும். வருகிறவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் கம்பெனி இன்ஜினியர்கள். அதில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"என்ன பிரதர், இந்த வாரம் எத்தனை தீ அணைச்சீங்க?"

"நான் அணைக்கிறதில்ல அங்கிள். காட்டிக் குடுக்கிறதோட சரி."

"ஓகோ, யூதாஸ் வேலையா! எங்க கம்பெனியில டெக்னீஷியன் போஸ்ட் காலியா இருக்கு. அப்ளை பண்ணுங்க. வருஷம் பூரா வேலை, இன்ஷூரன்ஸ் உண்டு. மழை பெஞ்சா போய்ட்டு வான்னு சொல்ல மாட்டாங்க."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் சொன்னது நல்ல யோசனைதான். ஆனால் எனக்குப் பறக்கிற வேலைதான் வேண்டும். முதல் சீசன் ஒழுங்காக முடிந்தால்தான் அடுத்த வருஷம் கூப்பிடுவார்கள். அந்த சீசனை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வேலையில் கஷ்டம் எது என்று நினைக்கிறீர்கள்? பறப்பது அல்ல, புகையைப் பார்ப்பதும் அல்ல. இடத்தைச் சொல்வதுதான் கஷ்டம். அந்த மலைத்தொடர் முழுக்கப் பள்ளத்தாக்குகள். வரைபடத்தில் ஒவ்வொரு சதுர மைலுக்கும் ஒரு நம்பர் உண்டு. புகை எந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறதோ அதன் நம்பரைச் சொன்னால், தீயணைப்பு வண்டி அந்தப் பள்ளத்தாக்கின் மண் பாதையில் ஏறும். ஒரு பள்ளத்தாக்கில் ஏறிவிட்டால் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போகக் குறுக்கு வழி கிடையாது. திரும்பி இறங்கி, அடிவாரம் வரை வந்து, மறுபடியும் ஏற வேண்டும்.

வரைபடத்தில் இருந்த ஸ்பானிஷ் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை, மனதிலும் நிற்கவில்லை. அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். மலை முகட்டின் மேல் பறக்கும்போது எப்படித் தெரிகிறதோ அப்படியே பள்ளத்தாக்குகளை வரைந்து, தமிழில் பெயர் வைத்து, பக்கத்தில் நம்பரை எழுதிக்கொண்டேன். ஒட்டகத் திமில், இட்லிச் சட்டி, இரட்டைச் சடை. ஓர் இடத்தில் முகட்டிலிருந்து ஐந்து பள்ளத்தாக்குகள் கிழக்கே விரிந்து இறங்கும். அதற்குக் கை என்று பெயர். இடது ஓரத்தில் இருப்பது கட்டைவிரல், அடுத்தது ஆள்காட்டி விரல், பிறகு நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல். ஐந்தும் ஒரே நீளம், ஒரே மாதிரி காய்ந்த புல், ஓக் மரம். நோட்டு இருக்கிறதே என்ற தைரியத்தில் மூன்று மாதம் ஓடியது. ஏழு புகை சொன்னேன், ஏழும் சரியாக இருந்தன.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம். ரேடியோவில் கட்டுப்பாட்டு அறைப் பெண் பேசினாள். அவளை நான் நேரில் பார்த்ததே இல்லை, குரல் மட்டும்தான் பழக்கம். அவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம். உங்களுக்காக நம் பேச்சில் எழுதுகிறேன்.

"கிழக்கே சமவெளியில யாரோ புகை பாத்தேன்னு போன் பண்றாங்க. போய்ப் பாக்கிறியா?"

முகட்டை விட்டுக் கிழக்கே இறங்கிப் போனேன். அது புகை அல்ல, டிராக்டர் கிளப்பிய புழுதி. சொல்லிவிட்டு, மலையைப் பார்க்கத் திரும்பினேன். அப்போதுதான் கையின் விரல் ஒன்றில் வெள்ளைப் புகை நூல் போல எழுந்தது. வெள்ளை என்றால் புல் எரிகிறது என்று அர்த்தம். இடமிருந்து இரண்டாவது பள்ளத்தாக்கு. மடியில் இருந்த நோட்டைப் பார்த்தேன். இடமிருந்து இரண்டாவது, ஆள்காட்டி விரல். நம்பரைச் சொன்னேன்.

"வண்டி கிளம்பியாச்சு" என்றாள்.

உங்களில் யாருக்காவது தப்பு இப்போதே தெரிந்திருக்கும். எனக்கு இருபது நிமிஷம் தெரியவில்லை. புகைக்கு மேல் வட்டம் போட்டுக்கொண்டு வண்டியை எதிர்பார்த்தேன். வண்டி வரவில்லை. காற்று எழுந்து, புகை சாய்ந்து, தீ சரிவில் ஏற ஆரம்பித்தது. எங்கே வண்டி என்று சுற்றிப் பார்த்தபோது, வடக்கே இரண்டு பள்ளத்தாக்கு தள்ளி, செம்மண் புழுதி நீளமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

நான் முகட்டிலிருந்து வரைந்த படத்தைச் சமவெளியிலிருந்து வரும்போது பார்த்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் இடம் வலமாகிவிடும். எரிந்துகொண்டிருந்தது மோதிர விரல். நான் நாலு மனிதர்களை ஏற்றி அனுப்பியது ஆள்காட்டி விரலில். நடுவில் ஒரே ஒரு விரல். தீ அதைத் தாண்டினால் அவர்கள் இருக்கும் பக்கம்தான் வரும். மேலே போகப் போகப் பாதை ஒடுங்கி, கடைசியில் முட்டி நின்றுவிடும்.

தப்பைத் திருத்த ரேடியோவில் ஒரே வார்த்தை. 'கரெக்‌ஷன்' என்று சொல்லிவிட்டுச் சரியான நம்பரைச் சொல்ல வேண்டும். அந்த அலைவரிசையை எல்லாத் தளத்திலும் கேட்பார்கள். சொன்னால் என் சீசன் போயிற்று. ரேடியோவில் பேச அமுக்கும் பித்தானில் வைத்த கை இரண்டு மூச்சு நேரம் அமுக்கவில்லை. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். பிறகு அமுக்கினேன்.

"கரெக்‌ஷன். நான் தப்பான இடத்தைச் சொல்லிட்டேன். வண்டி தப்பான பள்ளத்தாக்குல ஏறுது. உடனே திருப்புங்க."

வண்டி திரும்பி இறங்கி வரும் வரை அவர்கள் தலைக்கு மேலேயே இருந்து, தீ எங்கே வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சரியான பாதையில் அவர்கள் ஏற நாற்பது நிமிஷம் தாமதம். ஒருவருக்கும் காயம் இல்லை. ஆனால் ஒரு மாட்டுப் பண்ணைக்காரரின் வைக்கோல் கொட்டகை சாம்பலாயிற்று.

இறங்கியதும் தளத்தின் பொறுப்பாளர் கூப்பிட்டார். எல்லாரும் அவரை சீஃப் என்பார்கள். ஆறரை அடி உயரம், உட்கார்ந்தே பேசுவார்.

"நோட்டைக் காட்டு" என்றார். பக்கங்களைப் புரட்டினார். "இது என்ன பாஷை? நூடுல்ஸ் கடை பில்லா?"

"தமிழ், சீஃப்."

"நல்லாத்தான் வரைஞ்சிருக்க. பத்து நாள் வீட்டுல இரு. பதினோராவது நாள் நான் உன் பக்கத்துல உக்காருவேன். நோட்டு என்கிட்ட இருக்கும். நான் கையைக் காட்டுற பள்ளத்தாக்குக்கு நீ நம்பர் சொல்லணும். ஒண்ணு தப்புனாலும் உன் சீசன் அன்னிக்கே முடிஞ்சுது."

நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

சாயங்காலம் உங்கள் அம்மா டியூட்டி முடிந்து வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கத்தியை வைத்துவிட்டு நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

"இது யாரோட கை?"

"யாரோட கைன்னா? பாக்க கை மாதிரி இருந்துச்சு, பேரு வச்சேன்."

"அதாங்க கேக்கறேன். மேல இருந்து பாத்தா கட்டைவிரல் இடது பக்கம். கீழ இருந்து பாத்தா வலது பக்கம். எங்க ஆஸ்பத்திரில இப்படி எழுதினா சீட்டக் கிழிச்சு மூஞ்சில போட்ருவாங்க."

"ஏன்?"

"பேஷன்ட் என்னைப் பாத்துப் படுத்திருக்கார்னு வைங்க. அவரோட வலது கால் எனக்கு இடது பக்கம் இருக்கும். நான் என் பக்கத்த வச்சு இடதுன்னு எழுதினா ஆபரேஷன் எந்தக் கால்ல பண்ணுவாங்க? வலது இடதுன்னா எப்பவும் பேஷன்ட்டோட வலது, பேஷன்ட்டோட இடது. நான் கட்டிலை எத்தனை சுத்து சுத்தினாலும் அவர் கால் மாறாது."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப மலைக்கு எது முன்பக்கம்?"

"அத நீங்கதான் சொல்லணும். நான் மலைக்கு நர்ஸ் இல்ல."

பள்ளத்தாக்கு என்றால் தண்ணீர் ஓடிய வழிதானே? தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுதான் அதன் முன்பக்கம். பள்ளத்தாக்கின் தலையில் நின்று, தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்தால் இடம் இடம்தான், வலம் வலம்தான். நான் எங்கே பறந்தாலும் அது மாறாது. இதை அவளிடம் சொன்னேன்.

அவள் வெங்காய வாசனை அடிக்கும் கையைக் கவிழ்த்து மேஜை மேல் வைத்தாள். "அப்ப இது மலையோட வலது கை. பாருங்க, கட்டைவிரல் இடது பக்கம். இனிமே மறக்காது."

பத்து நாளும் நான் ஒரு நிமிஷத்தை வீணாக்கவில்லை. முதலில் அந்தத் தீயணைப்பு வண்டியில் வந்த கேப்டனைப் பார்க்க அவருடைய ஸ்டேஷனுக்குப் போனேன். நரைத்த மீசைக்காரர். தீயணைக்கும் துணிக்குழாயைத் தரையில் விரித்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஓ, நீதானா அந்த ஆகாயக் குரல்? மேப்பைத் தலைகீழா வச்சிருந்தியா, இல்ல விமானத்தைத் தலைகீழா ஓட்டினியா?"

"மேப்புதான், சார். அந்த ரோட்டை எனக்குக் காட்டுவீங்களா?"

அவர் என்னைத் தன் சொந்த பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆள்காட்டி விரலில் ஏறினார். மேலிருந்து ரிப்பன் போலத் தெரிந்த பாதை அது. கீழே வந்து பார்த்தால் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் பள்ளம். ஓர் இடத்தில் நிறுத்தி, இறங்கச் சொன்னார். பாதையின் விளிம்பு டயர் பட்டு உடைந்திருந்தது.

"இங்கதான் திருப்பினோம். பதினொரு தடவை முன்னயும் பின்னயும். பின் சக்கரம் பாதி வெளியில நின்னுச்சு. எங்க பையன் ஒருத்தன் இறங்கி நின்னு கை காட்டினான். அவன் வாயில வந்ததெல்லாம் உன் பேருதான், ஆனா நல்ல வார்த்தை ஒண்ணும் இல்ல."

"மன்னிச்சுக்கணும்."

"மன்னிப்ப வச்சு இங்க வண்டி திருப்ப முடியாது. அடுத்த தடவை சரியா சொல்லு. போதும்."

அம்மாவுக்கு லீவு கிடைத்த இரண்டு நாளும் நம் பழைய ஸ்டேஷன் வேகனில் நாலு பேரும் மலைக்குப் போனோம். எலுமிச்சைச் சாதம், ஊறுகாய், ஒரு பெரிய ஜாடித் தண்ணீர். பண்ணைக்காரர்களின் கேட்டுக்கு வெளியே நின்று அனுமதி கேட்பேன். சிலர் விட்டார்கள். ஒருவர் நாயை விட்டார். ஒவ்வொரு பள்ளத்தாக்கின் தலைக்கும் வண்டி போகிற வரை போய், மீதியை நடந்து, கீழே பார்த்து நின்று புதிதாக வரைந்தேன். மூத்தவள் பின்சீட்டிலிருந்து, "டாட், ஹவ் மெனி மோர்?" என்பாள்.

"இன்னும் நாலுதான், கண்ணு."

"யூ செட் ஃபோர் லாஸ்ட் டைம்!"

"அது வேற நாலு."

ஆகஸ்டில் ஓடையில் ஏது தண்ணீர்? மேலே ஏறும் சில இடங்களில் நிலம் தட்டையாகி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்றே தெரியவில்லை. நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது இளையவள் ஜாடியைத் தூக்கிக் கல்லின் மேல் கவிழ்த்துவிட்டாள். குடிக்க வைத்திருந்த தண்ணீர். அம்மா அதட்டினாள். நான் அதட்டவில்லை, குனிந்து பார்த்தேன். தண்ணீர் கொஞ்சம் தயங்கி, வடக்கே திரும்பி ஓடியது. அதுவரை அது கிழக்கே போகும் என்று எழுதியிருந்தேன். அடித்துத் திருத்தினேன். அதற்கப்புறம் சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் நீங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டு தண்ணீர் கொட்டினீர்கள். திரும்பும்போது நாலு பேருக்கும் தாகம்.

மற்ற நாட்களில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, வரைபடத்தைத் திருப்பித் திருப்பி வைத்துப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படிப் படித்திருந்தால் நானும் ஜெபக்கூட்டத்தில் இன்ஜினியராக உட்கார்ந்திருப்பேன். அம்மா துணி மடித்துக்கொண்டே வரைபடத்தைக் கோணலாகப் பிடித்து விரல் வைப்பாள். நான் நம்பர் சொல்வேன். தப்பினால், "பேஷன்ட் போய்ட்டார்" என்பாள். ஒன்பதாவது நாள் ஒரு பேஷன்ட்டும் போகவில்லை.

பதினோராவது நாள் சீஃப் முழங்காலை மடக்கிக்கொண்டு என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். நோட்டை வாங்கித் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"முகட்டு மேல போகாத. கிழக்கே இருந்து வா."

வேண்டுமென்றேதான். நான் தப்பிய அதே பக்கம். கை தெரிந்தது. அவர் விரல் நீட்டினார், நான் நம்பர் சொன்னேன். ஒட்டகத் திமிலைத் தெற்கிலிருந்து கேட்டார். இரட்டைச் சடையை விமானம் சாய்ந்து திரும்பும்போது கேட்டார். எல்லாம் சொன்னேன். ஒரு மணி நேரம் இப்படிப் போனது. அவர் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

கடைசியில் தெற்கு ஓரத்தில், சமவெளிப் புழுதி மலை மேல் படிந்து எல்லாம் மங்கலாக இருந்த இடத்தில், ஒரு மடிப்பைக் காட்டினார். இரண்டு பள்ளத்தாக்குகள் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு நின்றன. எனக்கு இரண்டு நம்பரும் மனப்பாடம். எது எது என்றுதான் அங்கிருந்து தெரியவில்லை. பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒன்றைச் சொல்லிவிடலாம்.

நான் விமானத்தைத் திருப்பி முகட்டைப் பார்த்து ஏற்றினேன்.

"எங்க போற? பதில் சொல்லு."

"சொல்றேன், சீஃப். முதல்ல அதோட தலைக்குப் போகணும்."

"பரீட்சையை விட்டு ஓடுறியா?"

"இல்ல. பாத்துட்டுச் சொல்றேன்."

முகட்டுக்கு வந்து, தண்ணீர் ஓடும் திசையில் விமானத்தின் மூக்கை வைத்தேன். கீழே இரண்டு பள்ளத்தாக்குகளும் தனித்தனியாகப் பிரிந்தன. அவர் காட்டியது வலது பக்கத்தில் இருந்தது. நம்பரைச் சொன்னேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. நெருப்பு உனக்காக ரெண்டு நிமிஷம் நிக்குமா?"

"நிக்காது. ஆனா அன்னிக்கு நான் உடனே சொன்னேன், சீஃப். நாப்பது நிமிஷம் போச்சு."

அவர் தொடைக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து என் மடியில் போட்டார். பிறகு ரேடியோவை எடுத்து, நாளையிலிருந்து இவன் பறக்கிறான் என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார்.

அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. எல்லாத் தளமும் கேட்கிற அலைவரிசையிலேயே கேட்டாள். "அவர் சொல்ற நம்பரை நம்பி நான் வண்டி அனுப்பலாமா, சீஃப்?"

சீஃப் என்னைப் பார்த்தார். "என்கிட்ட கேட்டா எப்படி? நீயே சொல்லு."

நான் பித்தானை அமுக்கினேன். இந்த முறை கை தயங்கவில்லை. "தெரிஞ்சா உடனே சொல்வேன். சந்தேகமா இருந்தா ரெண்டு நிமிஷம் கேப்பேன்."

"கேளு" என்றாள். "தர்றேன்."

நாலாம் நாள் மத்தியானம் தெற்கே ஒரு மடிப்பில் புகை எழுந்தது. அங்கே இருந்த இரண்டு பள்ளத்தாக்குகளில் இடது பக்கத்தது என்றுதான் தோன்றியது, கிட்டத்தட்ட நிச்சயம். இரண்டு நிமிஷம் கேட்டேன். தந்தாள். முகட்டுக்குப் போய்ப் பார்த்தேன், வலது பக்கத்தது. நம்பரைச் சொன்னேன். நரைத்த மீசைக்காரரின் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்கில் ஏறி, நேராகப் போய், புகைக்குப் பக்கத்தில் நின்றது.